வாசலில் மாட்ட ஒரு பலகை

ஜூலை 9

அன்புள்ள தங்கைக்கு,

நானும் உன் அண்ணியும் சுகம். உனக்கு இடுப்பு வலி விட்டதா, சிட்டுவுக்குச் சளி போனதா என்று எழுது. போனில் கேட்கலாம்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் போனை எடுத்தால் மூன்றாவது நிமிஷம் சண்டை, நாலாவது நிமிஷம் நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் நான் பேசி முடிக்கும்வரை நீ குறுக்கே வர முடியாது. அதனால் பேனாவை எடுத்தேன்.

உன் வீட்டுக்காரர் எங்கள் ஊர் கால்பந்து அணிக்கே கோச்சாக வந்து சேர்ந்தபோது, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று கடைத்தெருவே என் கையைப் பிடித்துக் குலுக்கியது. போர்டு எழுதுகிறவனின் பெயிண்ட் கை என்றுகூடப் பார்க்கவில்லை. எவ்வளவு அவசரப் போர்டாக இருந்தாலும் சனிக்கிழமை மதியம் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு மைதானத்து கேலரியின் பின்வரிசைக்குப் போய்விடுகிறவன் நான். கல்யாணமான மறுநாளே போனவன். அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். அந்த அணிக்கு என் மாப்பிள்ளையே கோச் என்றால் எனக்குக் கால் தரையில் பாவுமா?

அதெல்லாம் போன வாரம் வரை. போன வாரம் அவர், பீரங்கி என்று நாங்கள் கூப்பிடுகிற ஆட்டக்காரனை விற்றுவிட்டார். போன சீசனில் நாங்கள் போட்ட கோலில் பாதி அவன் காலிலிருந்து வந்தது. கேட்டால் ஐந்து வருடத் திட்டமாம். பத்திரிகைக்காரர்கள் முன்னால் ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறார். முதல் வருடம் அடித்தளம், ஐந்தாம் வருடம் கோப்பை. எங்கள் ஊரில் ஒரு கோச்சின் ஆயுள் ஒரு மழைக்காலம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போல.

கிளப் அவருக்கு பஸ் டிப்போவுக்குப் பின்னால் மூன்று அறை வீடு கொடுத்திருக்கிறது. ஒன்றில் படுக்கிறார். மற்ற இரண்டையும் கூட்டித் துடைத்துப் பூட்டி வைத்திருக்கிறார். நீயும் சிட்டுவும் எப்போது வருகிறீர்கள்?

உன் அண்ணன்

ஜூலை 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இடுப்பு வலி இருக்கிறது, ஆனால் அது என்னைவிட்டு எங்கே போகும்? அண்ணியின் முட்டி எப்படி இருக்கிறது?

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறாய். உனக்கு முழுக்கதை தெரியாது. கல்யாணமாகி ஏழு ஊர் மாறிவிட்டோம். ஒவ்வொரு ஊரிலும் திரைச்சீலை தைத்து மாட்டி முடிப்பதற்குள் அவருக்கு அடுத்த ஊரிலிருந்து அழைப்பு வரும். போக வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். போன தடவை புதுப் பள்ளிக்கூடத்தில் சிட்டு ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று கேட்டாள். அன்றைக்கு முடிவு செய்தேன். எனக்கு இங்கே எக்ஸ்ரே பிரிவில் நல்ல வேலை. "நீங்க ஒரு ஊர்ல நின்னு காட்டுங்க. அப்புறம் நாங்க வர்றோம்" என்று சொல்லி அனுப்பினேன். சண்டையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்கு உறைத்தது.

ஐந்து வருடம் நிற்பேன் என்கிறார். எனக்கு அவரைத் தெரியும், ஆட்டம் தெரியாது. உனக்கு ஆட்டம் தெரியும். அதனால் உன்னையே கேட்கிறேன். அந்தத் திட்டம் தேறுமா? கிளப் அவரை வைத்திருக்குமா? தங்கை மனசு நோகும் என்று சர்க்கரை தடவாதே. நீ சொல்வதை வைத்துத்தான் வேலையை விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.

வேளைக்குச் சாப்பிடுகிறாரா? அதையும் பார்த்து எழுது.

உன் தங்கை

செப்டம்பர் 3

அன்புத் தங்கைக்கு,

அண்ணியின் முட்டி மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. மற்றபடி சௌக்கியம். மாப்பிள்ளை சாப்பிடுகிறார். முட்டையும் ரொட்டியும், மறுநாள் ரொட்டியும் முட்டையும்.

சர்க்கரை வேண்டாம் என்றாய். கேட்டுக்கொள். நாலு ஆட்டம், ஒரு வெற்றி. அதுவும் எதிரணிக்காரன் தன் கோலுக்குள்ளேயே உதைத்துக் கொடுத்தது.

அவர் வாங்கியிருக்கிற ஆட்களைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. புது கோல்கீப்பருக்கு மூன்று பிள்ளைகள். பந்தைத் தூரமாக உதைக்கக் கூடாதாம், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தட்டிக் கொடுக்க வேண்டுமாம். அவன் தட்டுகிறபோது எங்கள் பின்வரிசையே கண்ணை மூடிக்கொள்கிறது. இடதுபக்க டிஃபெண்டர் மாமியாரோடு வந்து இறங்கியிருக்கிறான். நடுவில் ஆடுகிறவன் பெண்டாட்டிக்கு இது எட்டாம் மாதம். பீரங்கிக்குப் பதில் வந்திருப்பவன் நல்ல பையன், தங்கமான குணம். பெண் கொடுக்கலாம், பெனால்டி கொடுக்க முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவர்கள் ஒவ்வொருவராக என் கடைக்கு வருகிறார்கள். வாசலில் மாட்டப் பெயர்ப் பலகை வேண்டுமாம். பெண்டாட்டி பிள்ளை பெயரெல்லாம் சேர்த்து. நான் கோல்கீப்பரைக் கேட்டேன், "தம்பி, முதல்ல ஒரு கோலைத் தடுங்க, அப்புறம் பலகை மாட்டலாமே." அவன் சொல்கிறான், "கோச்தான் அண்ணே சொன்னார். வீடு பிடிச்சதும் முதல் வேலையா வாசல்ல பேர் மாட்டுங்கன்னு." கால்பந்து அணியா, கல்யாண வீடா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மாப்பிள்ளையும் ஒருநாள் கடைக்கு வந்தார். டீ குடித்தார். வந்த விஷயம் வேறு, அது இப்போது முக்கியமில்லை.

இன்னும் இரண்டு மாதம் பார்க்கிறேன். வேலையை மட்டும் அவசரப்பட்டு விட்டுவிடாதே.

உன் அண்ணன்

செப்டம்பர் 12

அண்ணா,

நலம், நலமறிய ஆவல். கடிதம் இன்றுதான் வந்தது, இன்றே எழுதுகிறேன்.

அந்தப் பலகை விஷயத்தை இன்னும் கொஞ்சம் விவரமாக எழுது. எல்லோருமே குடும்பத்தோடு வந்தவர்கள்தானா? தனிக்கட்டை ஒருவன்கூட இல்லையா? ஆளை வாங்குவதற்கு முன்னால் அவர் என்ன கேட்பாராம்? அந்த கோல்கீப்பர் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுது. பெயர்களை யார் சொல்கிறார்கள், பெண்கள் வந்து சொல்கிறார்களா, ஆண்களே சொல்கிறார்களா?

சிட்டு உன் கடிதத்தைப் படித்துவிட்டு, மாமியாரோடு வந்த டிஃபெண்டரின் படம் வரைந்திருக்கிறாள். மாமியார்தான் கோலில் நிற்கிறார். இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கை

அக்டோபர் 20

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். அணியைத் தவிர.

மருமகளின் படத்தைக் கடையில் ஒட்டியிருக்கிறேன். பார்க்கிறவன் எல்லாம் அந்த மாமியாரையே வாங்கியிருக்கலாம் என்கிறான்.

வரிசையாக மூன்று தோல்வி. நான் திட்டத்தைப் பற்றி எழுதினால் நீ பலகையைப் பற்றிக் கேட்கிறாய். சரி, விசாரித்தேன். தனிக்கட்டை ஒருவன்கூட இல்லை. ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவர் கேட்கிற முதல் கேள்வி, "உங்க பிள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகப் போறாங்க?" இரண்டாவது கேள்வி, "உங்க வீட்டுல இந்த ஊருக்கு வரச் சம்மதமா, இல்ல நீங்களா முடிவு பண்ணிட்டீங்களா?" வலது காலா இடது காலா என்பதெல்லாம் அப்புறம்தானாம். பெயர்களைப் பெண்கள்தான் வந்து சொல்கிறார்கள். அதுவும் அவர் உத்தரவாம். இதைக் கேட்டுவிட்டுக் கடையில் இருந்த விசில்காரர் தலையில் அடித்துக்கொண்டார். விசில்காரர் எங்கள் பின்வரிசைக்குத் தலைவர் மாதிரி, உனக்குத் தெரியும்.

மனசு பொறுக்காமல் டிப்போ வீட்டுக்கே போனேன். "கோல் போட ஆள் எங்க மாப்பிள்ளை?" என்றேன். முட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார், "கிளம்பப் போறவன் கால் எப்பவும் பாதி வெளியிலதான் இருக்கும் மச்சான். இருக்கப் போறவன்தான் முழுசா ஆடுவான். எனக்குத் தெரியும். ஒரு ரெண்டு வருஷம் பொறுங்க." பொறுத்தார் பூமி ஆள்வார் என்று உன் அண்ணியும் அவருக்கு ஒத்து ஊதுகிறாள். பூமியை ஆள்வது இருக்கட்டும், அதற்குள் நாங்கள் இரண்டாம் டிவிஷனுக்குப் போய்விடுவோம்.

நீ என்னிடம் நேராகக் கேட்டாய். நேராகவே சொல்கிறேன். மனிதர் நல்லவர். திட்டம் தேறாது. கிளப் தலைவர் ரொட்டி ஆலைக்காரர், காலையில் போட்டது சாயங்காலம் விற்க வேண்டும் அவருக்கு. சீசன் முடியும்வரை நீ வராதே.

உன் அண்ணன்

நவம்பர் 29

அன்புள்ள அண்ணா,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே வேலை அதிகம். நாள் முழுக்க எல்லோரையும் மூச்சைப் பிடிக்கச் சொல்லிச் சொல்லி, சில நாள் நான் விட மறந்துவிடுகிறேன்.

நீ எழுதினதைப் பலமுறை படித்தேன். உண்மையைச் சொன்னதற்கு நன்றி.

சில சின்ன விஷயம் கேட்க வேண்டும். டிப்போவுக்குப் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஏதாவது இருக்கிறதா? அந்தப் பூட்டி வைத்த அறைகளில் வெயில் எந்தப் பக்கம் விழும், காலையிலா மாலையிலா? ஜன்னல் எத்தனை அகலம்? அவரிடம் கேட்காதே. நீ போகும்போது சும்மா பார்த்துவிட்டு எழுது.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை

டிசம்பர் 11

அன்புத் தங்கைக்கு,

ஆஸ்பத்திரி எதற்கு? யாருக்கு என்ன உடம்பு? இங்கே இருக்கிற அண்ணனை விட்டுவிட்டு அறைக்கு வெயில் விழுகிறதா என்று கேட்கிறாய். டிப்போவுக்கு அடுத்த தெருவிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. வெயில் காலையில் விழும். ஜன்னல் அகலம் நான் பார்க்கவில்லை, இப்போதெல்லாம் அந்தப் பக்கம் போவதில்லை.

ஏன் என்று கேட்டால், வரிசையாக ஆறாவது தோல்வி. கடைசி இடத்துக்கு மேல் இடம். பார்பர் எனக்கு முகச்சவரம் செய்யும்போது கத்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, "உங்க மாப்பிள்ளை எப்ப கிளம்புவார்?" என்கிறார். நான் என்ன சொல்ல? முப்பது பேர் சுற்றி நிற்கிற இடத்தில் நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால், சம்பந்தத்துக்குச் சப்பைக்கட்டு கட்டுகிறான் என்பார்கள். இந்த அணியை நான் அவருக்கு முன்னாலிருந்து பார்க்கிறவன். அவருக்குப் பின்னாலும் பார்க்கப் போகிறவன்.

கடையில் பெரிய துணி வேலை ஒன்று வந்து இரண்டு நாளாக முதுகு நிமிரவில்லை. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

உன் அண்ணன்

டிசம்பர் 18

அண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் படம் பார்த்தேன். எக்ஸ்ரே அறைக்கு வெளியே காத்திருந்த ஒருவர் விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். கேலரியின் முழு நீளத்துக்குப் பேனர். "ஐந்து வருடம் யார் கேட்டது? இன்றே புறப்படு."

எழுத்துக்கு மேல் எல்லோரும் புள்ளியை வட்டமாக வைப்பார்கள். நீ சாய்ந்த சதுரமாக வைப்பாய். அப்பா கடையில் போர்டு எழுதப் பழகின நாளிலிருந்து அப்படித்தான். அந்த மனிதரிடமிருந்து பேப்பரை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாப் புள்ளியும் சதுரம்.

நான் உனக்கு எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். இந்த மாதம் முதல் தேதி வேலைக்கு ராஜினாமா கொடுத்துவிட்டேன். சிட்டுவுக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிவிட்டேன். விடுமுறை விட்டதும் வந்து இறங்குவதாக இருந்தோம். யாருக்கும் சொல்லவில்லை, அவருக்கும் சொல்லவில்லை. திட்டம் தேறாது என்று நீ எழுதின அதே கடிதத்தில்தான், அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்கிறார், பெண்களிடம் சம்மதம் கேட்கிறார் என்றும் எழுதியிருந்தாய். என்னிடம் ஒருநாளும் கேட்காததை ஊரார் பெண்டாட்டியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதைப் படித்த பிறகு என்னால் இங்கே இருக்க முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

ஜனவரி 4

அன்புத் தங்கைக்கு,

நலமா என்று கேட்கவே கை கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். நலமா?

நீ பார்த்தது என் கைதான். விசில்காரர் துணியைக் கொண்டு வந்து மேஜையில் விரித்தார். "உங்க கை எழுதினாத்தான் டிவியில படிக்க முடியும்" என்றார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. எழுதும்போது மாப்பிள்ளை என்று நினைக்கவில்லை, கோச் என்று நினைத்தேன். அந்த இரண்டு நாளும் அது பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது.

எனக்குத் தோன்றாத ஒன்று, அந்த எழுத்து மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும் என்பது. அவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் அதே எழுத்துதானே இருக்கிறது. பேனரை விரித்ததும் கோல்கீப்பர் நிமிர்ந்து பார்த்தபடியே நின்றான், பந்து அவனைத் தாண்டி உள்ளே போனது. மறுநாள் பலகையைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வந்தான். "இந்த எழுத்து என் வாசல்ல வேணாம் அண்ணே" என்று சொல்லி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். காசு கேட்கவில்லை. திட்டவும் இல்லை.

திங்கட்கிழமை மாப்பிள்ளையை நீக்கிவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் அவர் கடைக்கு வந்தார் என்று எழுதினேனே, டீ குடிக்க வரவில்லை. பலகை கேட்க வந்தார். "மூணு பேர் பேரும் வேணும் மச்சான். அவ பேர் மேல" என்றார். இவர் எங்கே நிற்கப் போகிறார், மரம் வீணாகும் என்று நான் எழுதவே இல்லை. கேட்டபோதெல்லாம், மரம் இன்னும் காயவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மற்றவர்களுக்கு மட்டும் எந்த மரத்தில் எழுதிக் கொடுத்தேன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

ஊரைவிட்டுப் போகிற அன்று பெட்டியோடு வந்தார். வாசலிலேயே நின்றார். "மரம் காஞ்சுதா மச்சான்?" என்றார். குத்தலா, நிஜமாகவே கேட்டாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். சரி என்று போய்விட்டார்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் அண்ணன்

பிப்ரவரி 22

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பழைய விலாசத்துக்கே எழுதுகிறேன், அங்கேதான் இருக்கிறாயா தெரியாது. போன் அடித்தால் எடுப்பதில்லை. மூன்றாவது நிமிஷம் சண்டை போடவாவது எடுக்கலாம்.

அணி ஜெயிக்கிறது. புது கோச் எதையும் மாற்றவில்லை, அதே ஆட்கள். ஒருவனும் ஊரைவிட்டுப் போகவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டார்கள், எப்படிப் போவான்? நடுவில் ஆடுகிறவனுக்குப் பெண் பிறந்து குப்புற விழ ஆரம்பித்துவிட்டது. கோல்கீப்பர் பந்தைத் தட்டிக் கொடுக்கிறான், அது கால் மாறிக் கால் மாறி அந்தத் தங்கமான பையனிடம் போகிறது, கோல். பின்வரிசை புது கோச் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. விசில்காரர் என்னைக் கட்டிப் பிடித்து, "பாத்தீங்களா, நம்ம பேனர் வேலை செஞ்சிடுச்சு" என்றார். நான் பாதி ஆட்டத்தில் எழுந்து வந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. அண்ணி கதவைத் திறந்து, உடம்பு சரியில்லையா என்றாள்.

ஒரு நாள் வந்து உன்னைப் பார்க்கட்டுமா? நீ பேச வேண்டாம். சிட்டுவைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

உன் அண்ணன்

மார்ச் 30

அண்ணாவுக்கு,

நானும் சிட்டுவும் நலம். உன் இரண்டு கடிதமும் பழைய விலாசத்திலிருந்து சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தன. அண்ணியை மாடி ஏற விடாதே.

எட்டாவது ஊருக்கு வந்துவிட்டோம். சின்ன கிளப், இரண்டாம் டிவிஷன், ஒரு வருட ஒப்பந்தம். ஐந்து வருடம் என்று இந்த முறை அவர் யாரிடமும் சொல்லவில்லை. விரலை விரித்துக் காட்டவும் இல்லை. எனக்கு எக்ஸ்ரே வேலை கிடைக்கவில்லை, ஒரு மருந்துக்கடையில் பாதி நாள் நிற்கிறேன். சிட்டு பள்ளிக்கூடத்தில் மறுபடியும் பேசுவதில்லை. வீட்டில் பேசுகிறாள், அது போதும் என்று இப்போதைக்கு இருக்கிறேன்.

ஏன் வந்தாய் என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். ஏழு ஊரிலும் அவராகக் கிளம்பினார். உங்கள் ஊரில் அவர் கிளம்பவில்லை, கிளப்பினார்கள். நான் நிற்கச் சொன்னேன், அவர் நின்று பார்த்தார். அதற்குப் பிறகும் நான் வீம்பு பிடித்தால் நியாயமில்லை.

நீ எனக்கு எழுதினதில் எனக்குக் கோபமே கிடையாது. நான் கேட்டேன், நீ மனசில் பட்டதைச் சொன்னாய். ஊருக்கு எழுதினதில்தான் கோபம். அதிலும் எது தாங்கவில்லை என்றால், அவ்வளவு அழகாக எழுதியிருந்தாய். பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாய். எங்கள் மூன்று பேர் பெயரை எழுத மட்டும் உனக்கு மரம் காயவில்லை.

நீ இப்போது வர வேண்டாம். அவர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. மச்சான் கை நல்ல கை என்றுதான் சொல்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு உன் முகத்தைப் பார்க்க என்னால் இன்னும் முடியாது. முடிகிறபோது நானே எழுதுகிறேன்.

அதுவரை ஒரு வேலை செய். அந்தப் பலகையை எழுதிப் பார்சலில் அனுப்பு. மூன்று பேர் பெயரும், அவர் சொன்ன வரிசையிலேயே. புள்ளி எல்லாம் உன் பழக்கம் போலவே இருக்கட்டும், மாற்றாதே. மூலையில் ஆணிக்குத் துளை போடாதே, திருகாணிக்குப் போடு. கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

மரம் இதற்குள் காய்ந்திருக்கும்.

உன் தங்கை